மடி உதறாமல் போனவள்

மடியை உதறாமல்தான் போனாள். அதை நான் எப்போதாவது இல்லையென்று சொன்னேனா? வரிசையில் நின்ற அத்தனை பெண்களும்தான் பார்த்தோம். ஆனால் அந்த மடியில் அரிசி இருந்தது என்று சொல்லுகிறாளே இந்த முருகம்மாள், இவள் எங்கேயிருந்து பார்த்தாள்? அந்த வருஷம் இவள் கல்யாணமாகி எங்கள் தெருவுக்கே வரவில்லை.

நேற்று தெருக்குழாயடியில் வைத்தே கேட்டுவிட்டேன்.

“ஏளா முருகம்மா, உலகம்மா திருடினதை நீ கண்டியா?”

“நான் எதுக்கு ஆச்சி காணணும்? ஊரே சொல்லுது.”

“ஊரா அந்த மில்லுல நெல்லு காயப்போட்டுது? நான் போட்டேன். பதினோரு வருசம் போட்டேன். என்கிட்ட வந்து ஒரு வார்த்தை கேட்டியா?”

“சரி, இப்பம் கேக்கேன். மடியில ஒண்ணும் இல்லேன்னா உதறிட்டுப் போக வேண்டியதுதானே? ஏன் உதறல?”

சுற்றி நின்றவர்கள் எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். குழாயடியில் குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது, யாரும் எடுக்கவில்லை. அவள் கேட்டது நியாயமான கேள்விதான். ஆனால் அது குழாயடியில் நின்று பதில் சொல்லுகிற கேள்வி இல்லை. இடுப்பில் குடத்தை வைத்துக்கொண்டு சொல்லி முடிக்கிற கதையும் இல்லை.

போன வாரம் உலகம்மாளின் மகள் வடிவைப் பெண் பார்க்க வாசுதேவநல்லூரிலிருந்து ஆட்கள் வந்தார்கள். பஸ்ஸை விட்டு இறங்கி, தெரு முனையில் வீட்டுக்கு வழி கேட்டார்கள். வழி சொன்னது முருகம்மாள். வழியோடு இன்னொன்றும் சொல்லியிருக்கிறாள். “பிள்ளை நல்ல பிள்ளைதான். ஆத்தாக்காரிதான் மில்லுல அரிசி களவாண்டு ஓடினவ.” வந்தவர்கள் அப்படியே அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டார்கள். உலகம்மாள் வடை சுட்டு வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வடையைத் தெருப் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கொடுத்தாள். ஒருத்தரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. அவள் கேட்கமாட்டாள். அதனால்தான் நான் வாயைத் திறக்கிறேன். எட்டு வருஷத்துக்கு முன்னாலேயே திறந்திருக்க வேண்டிய வாய் இது.

எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவர் இந்த இடத்தில் நிறுத்தி, “அந்த மில் மேஸ்திரி பேரைப் போடவா ஆச்சி, வேண்டாமா?” என்று கேட்டார். போடுங்கள். சங்கரபாண்டி. நன்றாகப் பெரிதாகவே போடுங்கள். எட்டு வருஷமாக அவள் பெயரை எல்லாரும் சொல்லுகிறார்கள், அவன் பெயரை இந்த ஊரில் ஒரு வாய் சொல்லவில்லை.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டில் இருந்தது அந்த அரிசி மில். நெல்லை ஊறப்போட்டு, அவித்து, சிமெண்டுக் களத்தில் பரப்பிக் காயவைத்து, பிறகுதான் மிஷினுக்குள் விடுவார்கள். களத்து வேலை பூராவும் பெண்கள் வேலை. அவித்து இறக்கி வைத்த நெல்லைக் கூடையில் சுமந்து வந்து கொட்டுவோம். ஆவி முகத்தில் அடிக்கும். பலகையால் இழுத்துப் பரப்பிவிட்டு, சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு, காலாலேயே கோடு கோடாகக் கிண்டிக்கொண்டு நடப்போம். வெயில் ஏற ஏற உள்ளங்கால் வெந்துபோகும். ஆனி ஆடியில், குற்றாலச் சீசன் மாதங்களில், அதுவும் நிம்மதியாக நடக்காது. வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மலையிலிருந்து சாரல் இறங்கும். அத்தனை பேரும் ஓடி நெல்லைக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூட வேண்டும். மூடி முடித்தால் வெயில் வரும். திரும்பப் பரப்ப வேண்டும். ஒரு நாளைக்கு நாலு தடவை, ஐந்து தடவை.

சாயங்காலம் சங்கு ஊதினதும் வீட்டுக்குப் போக முடியாது. மடி உதற வேண்டும். சேலைக் கொசுவத்தை இடுப்பில் சொருகுகிற இடத்தில் ஒரு பை மாதிரி மடி விழும் இல்லையா, அதில் வெற்றிலை, சுருக்குப்பை எல்லாம் வைத்திருப்போம். களத்து நெல்லோ குத்தின அரிசியோ அதில் கட்டிக்கொண்டு போய்விடக் கூடாது என்று பழைய முதலாளி காலத்திலேயே ஒரு சட்டம். கேட்டுக்குப் பக்கத்தில் வரிசையாக நிற்போம். அவளவள் மடியை அவளவளே அவிழ்த்து, நாலு பேர் பார்க்க உதறிவிட்டு, பெரிய கேட்டில் இருக்கும் சின்னக் கதவு வழியாகக் குனிந்து வெளியே போவாள். கேட்டில் ஹபீபுல்லா பாய் நிற்பார். வயசான மனுஷர். எங்கள் முறை வரும்போது அவர் ரோட்டில் போகிற வண்டியைப் பார்த்துக்கொண்டே, “சரிம்மா, சரிம்மா” என்பார். யார் உதறினாள், யார் உதறவில்லை என்று அவருக்குத் தெரியவே தெரியாது. ஆனாலும் எல்லாரும் உதறினோம். உதறாமல் போகிறவள் திருடி. அதுதான் கணக்கு.

இந்தக் கணக்கு அப்படியே இருந்தபோதுதான் சங்கரபாண்டி மேஸ்திரியாக வந்தான். வந்த முதல் சீசனிலேயே, “சாரல் விழுது, கேட்டுல நின்னு நனையாதீங்க, தவிட்டறை தாழ்வாரத்துல வச்சுப் பாத்துக்கிடுதேன்,” என்றான். எங்களுக்கும் நல்லதாகப் பட்டது. பார், நம்ம மேஸ்திரிக்கு எவ்வளவு இரக்கம் என்று நானே சொன்னேன். சொன்ன நாக்கை இப்போது அறுத்துப்போடலாம். தாழ்வாரத்தில் ஒரு பக்கம் தவிட்டு மூட்டை அடுக்கியிருக்கும். மூட்டைக்கு இந்தப் பக்கம் வரிசை, அந்தப் பக்கம் அவன். ஒவ்வொருத்தியாக உள்ளே போக வேண்டும். சீசன் முடிந்தது, சாரல் நின்றது, மடி உதறுகிற இடம் மட்டும் கேட்டுக்குத் திரும்பி வரவில்லை.

“வெளிமடியில ஒருத்தியும் வைக்கமாட்டா. உள்மடியிலதான் வைப்பா. அதை உதறினாத் தெரியாது,” என்பான். தெரியாது என்பதால் கையை விட்டுத் தேடுவான். எல்லார் மடியிலும் இல்லை. எனக்கு அப்போதே பேரன் பிறந்துவிட்டான். என்னைக் கண்டால், “நீ போ ஆச்சி,” என்று கையை ஆட்டுவான். நானும் போய்விடுவேன். சின்ன வயசுக்காரிகள் வெளியே வரும்போது முகத்தைப் பார்த்தால் தெரியும். பார்க்காமல் இருக்கவும் நான் பழகிக்கொண்டேன்.

களத்தில் அதைப் பற்றிச் சிரிப்புப் பேச்சுத்தான் நடந்தது. அழுதால் வேலை போய்விடும், சிரித்தால் போகாது என்று நினைத்தோமோ என்னவோ. செங்கோட்டையிலிருந்து வருகிற ஒருத்தி ஒருநாள் மடியில் கருவாட்டைக் கட்டிக்கொண்டு வந்தாள்.

“என்னட்டி ஆச்சு?” என்று கேட்டோம்.

“அவனுக்கு மூக்கே கிடையாதுட்டி,” என்றாள் அவள். “கை மட்டுந்தான் வச்சு அனுப்பிருக்கான் கடவுள்.”

அன்றைக்கு எல்லாரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அவள் மட்டும் சிரிக்கவில்லை. அப்போது அதைக் கவனிக்கவில்லை. இப்போது நினைத்தால் ஞாபகம் வருகிறது.

செங்கோட்டை மலையாளத்துக்காரர்களிடமிருந்து பிரிந்து நம் பக்கம் சேர்ந்ததற்கு அடுத்த வருஷம், நயா பைசா வந்த வருஷம், உலகம்மாள் வேலைக்கு வந்தாள். அவள் புருஷன் அய்யாக்குட்டி அதே மில்லில் மூட்டை தூக்கினவன். அடுக்கு சரிந்து மூட்டை காலில் விழுந்து முட்டி நொறுங்கிப்போனது. அவன் வீட்டில் உட்கார்ந்த பிறகு, முதலாளி பால்வண்ணநாதன் பெரிய மனசு பண்ணி அவளுக்குக் களத்தில் வேலை போட்டுக் கொடுத்தார். அப்படித்தான் எல்லாரும் சொன்னோம், பெரிய மனசு என்று. மில் மூட்டைதானே அவன் காலை உடைத்தது என்று ஒருத்தரும் சொல்லவில்லை.

அவளுக்கு அப்போது இருபத்தாறு, இருபத்தேழு வயசு. வடிவு கைப்பிள்ளை இல்லை, பள்ளிக்கூடம் போகிற பிள்ளை. வேலையில் ரொம்பச் சுத்தம். அவள் கிண்டின பாத்தியில் ஒரு நெல் ஈரமாக இருக்காது. பேச்சு மட்டும் குறைவு.

வந்த மூன்றாம் நாள் தவிட்டறையிலிருந்து அவள் சத்தம் வெளியே கேட்டது. கத்தவில்லை. வரிசை பூராவுக்கும் கேட்கிற மாதிரி நிறுத்திச் சொன்னாள்.

“கையை எடும். உதறணும்னா நானே உதறுதேன்.”

“மில்லுச் சட்டம் தெரியுமாளா உனக்கு?”

“தெரியும். உதறதுதான் சட்டம். தடவுதது இல்ல.”

வெளியே வந்து எங்களைப் பார்த்தாள். நாங்கள் எல்லாரும் தரையைப் பார்த்தோம்.

மறுநாளிலிருந்து அவளுக்கு அவியல் பக்கம் வேலை. நெல் அவிக்கிற தொட்டி வாயிலேயே நின்று, கொதிக்கக் கொதிக்கக் கூடையில் வாங்கிக்கொண்டு ஓட வேண்டும். ஆம்பிளைகள் செய்கிற வேலை அது. ஒரு வாரத்தில் தோளெல்லாம் கொப்புளம். சாயங்காலம் எல்லாருக்கும் கடைசியாக அவளைக் கூப்பிடுவான். ஒவ்வொரு நாளும் அவள் அதே வார்த்தையைச் சொன்னாள், கையை எடும் என்று. அவன் எடுக்கவில்லை.

ஒருநாள் மத்தியானம் கஞ்சி குடிக்கிற நேரத்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“பேச்சியக்கா, நான் மொதலாளிகிட்டச் சொல்லப் போறேன்.”

“சொல்லி?”

“நீ கூட வரணும். நீ பழைய ஆளு. நீ சொன்னா நம்புவாரு.”

நான் வாயில் வைத்த கஞ்சியை விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை. பிறகு சொன்னேன்.

“என் மடியை அவன் தொட்டதில்லையே உலகம்மா. நான் என்னத்தைச் சொல்ல?”

“கண்டதைச் சொல்லு.”

“மூட்டைக்கு அங்கிட்டு நடக்குதது எனக்கு எப்படித் தெரியும்?”

அவள் “சரிக்கா,” என்று எழுந்து போனாள். கோபமாகச் சொல்லியிருந்தால்கூட நான் மறந்திருப்பேன்.

தனியாகத்தான் போனாள். முதலாளி பக்திமான். சீசனில் தினமும் விடியற்காலம் குற்றாலத்தில் குளித்து, நெற்றி நிறைய விபூதியோடுதான் ஆபீஸில் வந்து உட்காருவார். அவளைப் பொறுமையாகக் கேட்டாராம். சங்கரபாண்டியைக் கூப்பிட்டு விசாரித்தாராம். அவன் ஆபீஸில் இருந்த சாமி படத்துக்கு முன்னால் சூடத்தைக் கொளுத்தி, உள்ளங்கையால் அடித்து அணைத்து, “நாலு முழம் தள்ளி நின்னுதான் மொதலாளி உதறச் சொல்லுதேன், ஒருத்தி மேலயும் என் விரல் பட்டதில்ல,” என்று சத்தியம் பண்ணினான். முதலாளி உலகம்மாளைப் பார்த்து, “சாட்சி யாரும் உண்டா?” என்று கேட்டார். அவள் என் பெயரைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கூப்பிட்டிருப்பார்கள், நான் இல்லையென்று சொல்லியிருப்பேன். அது அவளுக்குத் தெரிந்திருந்தது.

“சூடத்தை அணைச்சுட்டானே, பிறகு நான் என்னம்மா செய்ய?” என்றாராம் முதலாளி. “நீயும் கொஞ்சம் அனுசரிச்சுப் போ. அய்யாக்குட்டி முகத்துக்காகத்தான் உன்னை வச்சிருக்கேன்.”

சங்கரபாண்டி அதற்குப் பிறகு களத்தில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தான். அவள் பக்கத்தில் வரும்போது சூடம் அணைத்த உள்ளங்கையை விரித்து, விரித்து மூடிக் காட்டுவான். சில பெண்கள், நான் பெயர் சொல்லப்போவதில்லை, அவளோடு சேர்ந்து கஞ்சி குடிப்பதை விட்டுவிட்டார்கள். ஒருத்தி என்னிடமே சொன்னாள், “இவ ஒருத்திக்கு மட்டும் எங்க இருந்து வந்துது இத்தனை ரோசம்? நாமெல்லாம் இல்லையா?” என்று. நாமெல்லாம் இருந்தோம். உலகம்மாள் மட்டும் அப்படி இருக்கவில்லை, அதுதான் இவளுக்குப் பிடிக்கவில்லை.

ஆனி மாதம் முடிகிற சமயம், ஒரு திங்கட்கிழமை. முந்தின நாள் உலகம்மாள் விறகுக்கு மலைக்குப் போயிருந்தாள் என்று பிறகு தெரிந்தது. செண்பகாதேவி அருவிக்கு ஏறுகிற ஒற்றையடிப் பாதையில் இரண்டு பக்கமும் செந்தட்டி மண்டிக் கிடக்கும். மலைக்குப் போகிறவர்களுக்கு அது தெரியும். இலை லேசாக உரசினாலே போதும், அந்த இடம் தடித்து, நெருப்பு வைத்த மாதிரி எரியும். சொறியச் சொறிய ஏறும். சின்னப் பிள்ளைகள் தெரியாமல் தொட்டுவிட்டு ராத்திரி பூரா அழும்.

அன்றைக்கு மத்தியானம் அவள் தூக்குச்சட்டியைத் திறக்கவே இல்லை. சுவர் ஓரத்தில் தள்ளி உட்கார்ந்திருந்தாள்.

“கஞ்சி குடிக்கலையா?” என்றேன்.

“பசிக்கலக்கா.”

எனக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லை. அவள் தூக்குச்சட்டியில் கஞ்சி இல்லை, செந்தட்டிக் கொழுந்து அடைத்திருந்தது. காலையிலிருந்து ஒரு வாய் சாப்பிடாமல் அவியல் நெல் சுமந்தாள்.

சங்கு ஊதுகிற நேரத்தில் பொறுபொறுவென்று சாரல். எல்லாரும் தார்ப்பாய் இழுக்க ஓடினோம். அந்த ஓட்டத்தில் அவள் எங்கேயோ ஒதுங்கி, மடிக்குள் முதலில் தேக்கிலையை வைத்து, அதன்மேல் செந்தட்டியை வைத்துச் சொருகிக்கொண்டாள். இடுப்பில் படக் கூடாது என்று தேக்கிலை. ஆனால் சேலை நனைந்திருந்தது, இலை கிழிந்துவிட்டது. வரிசையில் என் பின்னால் வந்து நின்றபோது அவள் முகம் வேர்த்திருந்தது. கீழுதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டு நின்றாள். “காய்ச்சலாட்டி?” என்று கேட்டேன். தலையை ஆட்டினாள். ஒரு நாழிகை அப்படி நின்றாள். எல்லாருக்கும் கடைசியாகத்தானே அவளைக் கூப்பிடுவான்.

என்னைப் போகச் சொன்னான். நான் தாழ்வாரத்தை விட்டு இறங்கி நாலு எட்டு வைத்திருப்பேன். உள்ளேயிருந்து அவன் அலறினான். பாம்பு கடித்தவன் அலறுகிற மாதிரி இருந்தது. போனவர்கள் எல்லாரும் திரும்பி ஓடிவந்தோம். முதலாளி ஆபீஸிலிருந்து குடையைக்கூடப் பிடிக்காமல் வந்தார். சங்கரபாண்டி வலது கையைத் தொடை நடுவில் வைத்து அழுத்திக்கொண்டு குதித்தான். விரல் விரலாக வீங்கி, மணிக்கட்டு வரை சிவந்து தடித்திருந்தது.

“விசம் வச்சுட்டா மொதலாளி, விசம்,” என்று கத்தினான். “கொல்லப் பாத்துட்டா.”

உலகம்மாள் மடியை விரித்தாள். செந்தட்டியும் கிழிந்த தேக்கிலையும் தரையில் விழுந்தன. மூட்டைக்கு இந்தப் பக்கம் வந்து, எல்லாருக்கும் நடுவில் நின்றாள்.

“விசம் இல்லங்கய்யா. செந்தட்டி. எம் மடியில இருந்துது. நான் எடுத்து யார் மேலயும் எறியல. மேஸ்திரி நாலு முழம் தள்ளித்தானே நிக்காரு. அவரு கையில எப்படிப் பட்டுதுன்னு அவருகிட்டயே கேளுங்க.”

முதலாளி அவன் கையைப் பார்த்தார். சூடம் அணைத்த அதே கை. கருவாட்டுக்காரி வாயைச் சேலையால் பொத்திக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. சிரித்தாளா அழுதாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

“எல்லாரும் வீட்டுக்குப் போங்க,” என்றார் முதலாளி. “நாளைக்குப் பேசிக்கிடுவோம்.”

மறுநாள் காலையில் உலகம்மாளை ஆபீஸுக்குக் கூப்பிட்டார். தனியாக ஒரு பெண்ணிடம் பேசினால் நன்றாயிருக்காது என்று என்னையும் பக்கத்தில் நிற்கச் சொன்னார். பார்த்தீர்களா, அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது, எது நன்றாயிருக்கும், எது நன்றாயிருக்காது என்று.

“நடந்தது நடந்து போச்சு,” என்றார். “சங்கரபாண்டியை இனிமே மடி பாக்க விடமாட்டேன். அதுக்கு ஒரு பொம்பிளையாளைப் போடுதேன். நீயே பாரு. வெயில்ல நிக்க வேண்டாம், அவியல் சுமக்க வேண்டாம். சம்பளமும் கூட்டித் தாரேன்.”

எனக்கு அப்பாடா என்று இருந்தது. ஜெயித்துவிட்டாள் என்றே நினைத்தேன்.

“ஒண்ணே ஒண்ணு,” என்றார். “வெளிய யாராவது கேட்டா, மருந்துக்குச் செந்தட்டி பறிச்சு வச்சிருந்தேன், மேஸ்திரி தெரியாமத் தொட்டுட்டாருன்னு சொல்லிரு. மில்லுக்கும் ஒரு பேரு இருக்குல்லா?”

உலகம்மாள் உட்காரவில்லை. இடுப்பைத் தொடாமல் கையைச் சற்று விலக்கி வைத்துக்கொண்டு நின்றாள்.

“அவரு களத்துக்கு வரணுங்கய்யா. எல்லாருக்கும் முன்னால நின்னு, நான் கையை விட்டேன், அது தப்பு, பொய்ச் சத்தியம் பண்ணினேன்னு சொல்லணும். அதுக்குப் பிறகு நான் பழையபடி களத்துலயே நிக்கேன். சம்பளம் கூட்ட வேண்டாம்.”

“எப்படிம்மா? முப்பது பொம்பிளைக்கு முன்னால ஒரு ஆம்பிளையை அப்படி நிக்கச் சொன்னா, பிறகு அவன் எந்த முகத்தோட அங்க வேலை பாப்பான்?”

“நாங்க பாக்கலையாங்கய்யா?”

முதலாளி விபூதி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். என்னைப் பார்த்து, “நீ சொல்லு பேச்சித்தாயி, அவளுக்குப் புத்தி சொல்லு,” என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “ஒத்துக்கிடு உலகம்மா,” என்றேன். “உனக்கு வெயில் மிச்சம்,” என்றேன். அதற்கு அவள் என்னிடம் பதில் சொல்லவில்லை. முதலாளியிடம்தான் சொன்னாள்.

“இன்னொருத்தி மடியை நான் அவுக்கச் சொல்லமாட்டேன் ஐயா. எனக்கு அந்த வேலை வேண்டாம்.”

“அப்பம் உனக்கு இங்க வேற வேலை இல்லை,” என்றார் அவர். சத்தம் போடாமல்தான் சொன்னார். நல்ல மனுஷர் என்று எல்லாரும் சொல்லுகிறவர் அவர்.

உடனே அவள் போயிருக்கலாம். போகவில்லை. அன்றைக்குக் காலையில் அவள் சுமந்து கொட்டின நெல் களத்தில் ஒரு பாத்தியாகப் பரப்பியிருந்தது. அதை முழுக்கக் காயவைத்தாள். நடுவில் இரண்டு தடவை சாரல் வந்தது. குவித்து மூடி, மறுபடி பரப்பினாள். மத்தியானம் அவளைச் சுவர் மறைவுக்குக் கூட்டிப்போய்த் தேங்காய் எண்ணெய் தேய்த்துவிட்டேன். அடிவயிறும் இடுப்பும் கொப்புளமாகக் கொப்புளித்து, சில இடம் உடைந்து நீர் வழிந்தது. சேலையைச் சொருக முடியவில்லை. கொசுவத்தை முன்னால் தளர விட்டு, முந்தானையைத் தோளைச் சுற்றிக் கொண்டுவந்து மார்புக்கு மேலே முடிந்திருந்தாள்.

முருகம்மா, இதை யாராவது உனக்கு வாசித்துக் காட்டுவார்கள். காதைத் திறந்து கேட்டுக்கொள். அன்றைக்கு உலகம்மாள் மடியே கட்டவில்லை. உதறுவதற்கு அவளிடம் மடியே இல்லை. எண்ணெய் போட்ட என் கை அதற்குச் சாட்சி. அன்றைக்குச் சொல்லாத சாட்சியை இன்றைக்குச் சொல்லுகிறேன்.

சங்கு ஊதிற்று. முதலாளி சொன்னபடி சங்கரபாண்டியை விலக்கிவிட்டதால் வரிசை பழைய இடத்துக்கே, கேட்டடிக்கே வந்திருந்தது. ஹபீபுல்லா பாய் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். சங்கரபாண்டி கையில் துணியைச் சுற்றிக்கொண்டு தூரத்தில் தூணில் சாய்ந்திருந்தான். அவனை யாரும் போகச் சொல்லவில்லை. முதலாளி ஆபீஸ் ஜன்னலில் இருந்தார். நெல் ஏற்றிய வண்டி ஒன்று உள்ளே வந்ததால் பெரிய கேட்டைத் திறந்து வைத்திருந்தார்கள்.

உலகம்மாள் எனக்கு முன்னால் நின்றாள். அவள் முறை வந்தது.

“உதறு தாயி,” என்றார் பாய், ரோட்டைப் பார்த்தபடியே.

“இல்ல பாய். உதறமாட்டேன்.”

பாய் அன்றைக்குத்தான் முதல் தடவையாகத் தலையைத் திருப்பி எங்கள் வரிசையைப் பார்த்தார். “சும்மா ஒரு பேருக்கு உதறும்மா. சட்டம் இருக்குல்லா?”

“பேருக்கும் மாட்டேன்.”

அவர் ஜன்னலைப் பார்த்தார். ஜன்னலிலிருந்து ஒரு வார்த்தையும் வரவில்லை. தூணடியிலிருந்துதான் வந்தது.

“பாத்துக்கிடுங்க. உதறாம போறா. மடியில சரக்கு இருக்கு, அதான் உதற மாட்டேங்கா.”

எட்டு வருஷமாக ஊர் சொல்லுகிற பேச்சு பிறந்த வாய் அதுதான். எந்தக் கை பொய்ச் சத்தியம் பண்ணிற்றோ அந்தக் கைக்காரனின் வாய். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பாய் மெல்ல ஒதுங்கி வழி விட்டார். சின்னக் கதவில் குனியாமல், திறந்திருந்த பெரிய கேட்டு நடுவில், வண்டி வந்த தடத்திலேயே நடந்து வெளியே போனாள்.

அடுத்தது நான். நான் உதறினேன். எதற்கு மறைக்க வேண்டும்? அவளுக்குப் பின்னால் நின்ற நானும், எனக்குப் பின்னால் நின்ற அத்தனை பேரும் அன்றைக்கும் உதறினோம். என் மடியிலிருந்து வெற்றிலைக் காம்பு ஒன்று விழுந்தது. நிமிர்ந்து பார்த்தபோது அவள் ரோட்டுக்குப் போய்விட்டாள். சாரல் பிடித்துவிட்டது. ரோட்டில் போனவர்கள் எல்லாரும் தலையில் எதையாவது போட்டுக்கொண்டு ஓடினார்கள். அவள் ஓடவில்லை. வெறும் தூக்குச்சட்டியை ஆட்டிக்கொண்டு, தளர்ந்த சேலை காலில் தடுக்காமல் ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நடு ரோட்டில் நடந்து போனாள்.